விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தவர்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு இருந்தது. அது வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் மற்றவர்களுக்கு நினைவுக்கு வரும். மற்ற நேரமெல்லாம் அந்த யூனிட்டில் அவர் 'சரிங்கசார்'. எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்பார். மழையில் நில் என்றால் சரிங்க சார். லீவு ரத்து என்றால் சரிங்க சார். பல் டாக்டர் ஒருமுறை நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு, "சொத்தைப் பல் பக்கத்துல இருக்கு, அதையும் எடுத்துடலாமா?" என்று கேட்டதற்கும் இதையேதான் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அதெல்லாம் சும்மா கட்டிவிட்டது என்று அவர் மனைவி சண்டைக்கு வருவாள். வந்துவிட்டு, "ஆனா சொல்லக்கூடிய ஆளுதான்" என்றும் சேர்த்துக்கொள்வாள்.

அவர் சார்ஜென்ட்டாக வேலை பார்த்தது ராணுவத்தின் நாய்ப் பிரிவில். நாய் என்றதும், கேட்டில் கட்டிப்போட்டுக் குரைக்கவிடுகிற சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணுக்குள் புதைத்து வைத்த வெடிமருந்தை மோப்பம் பிடிக்கிற நாய்கள் இவை. குரைத்தால்தான் தப்பு. படை நடக்கப்போகிற பாதையில் முதலில் நாய் போகும். பின்னால் தோல்வாரைப் பிடித்துக்கொண்டு அதன் ஆள் போவார். அவருக்கும் பின்னால்தான் மற்ற அத்தனை பேரும். வாசனை தட்டிய இடத்தில் நாய் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். ஆள் கையை உயர்த்துவார். எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். அப்புறம் நாயிடம் "சபாஷ்" என்று சொல்லி, சட்டைப்பையில் வைத்திருக்கிற ரப்பர் பந்தை வீச வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கும் ஒரு பந்துக்கும்தான் அது அவ்வளவு பாடுபடுகிறது.

இந்த வேலையில் செய்யவே கூடாத பாவம் ஒன்று உண்டு. நாய் சரியான இடத்தில் உட்கார்ந்த பிறகு, "இல்ல, எழுந்திரு" என்று இழுத்துக்கொண்டு போவது. ஒருமுறை அப்படிச் செய்தால் போதும், நாய்க்குத் தன் மூக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். அடுத்த தடவை வாசனை வந்தாலும், உட்காரலாமா வேண்டாமா என்று வாரைப் பிடித்திருப்பவர் முகத்தைப் பார்க்கும். பார்த்துக்கொண்டே தாண்டிப் போய்விடும். பின்னால் வருகிறவன் அங்கே கால் வைப்பான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

சார்ஜென்ட்டின் நாய்க்குப் பெயர் சிட்டு. சின்ன உடம்பு, பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடங்கியிருக்கும். குட்டியாக வந்த நாளிலிருந்து அவர் கைச் சாப்பாடுதான். மகளுக்குக் காய்ச்சல் என்றால் மனைவி பார்த்துக்கொள்வாள். சிட்டுவுக்குக் காய்ச்சல் என்றால் கொட்டிலிலேயே கட்டிலைப் போட்டுக்கொள்வார். அந்தக் காலத்து விதி அப்படி. ஒரு நாய்க்கு ஒரே ஆள். நாய் ஓய்வு பெறும்வரை இருவரையும் பிரிக்கக்கூடாது. "வேற கை பட்டா வேலை செய்யாது" என்று நாய்ப் பிரிவில் சின்னவர் பெரியவர் எல்லாரும் சொல்வார்கள். அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று யாராவது சோதித்தா பார்க்கிறார்கள்?

அவ்வப்போது பயிற்றுநர் கோர்ஸுக்கு ஓர் இடம் வரும். வேறு ஊரில் அரை வருஷம் இருந்து, நாய்களைப் பழக்குவது எப்படி என்று படித்து வரவேண்டும். படித்தால் நல்லது, படிக்காவிட்டாலும் குறைச்சல் இல்லை. பதவி உயர்வு அப்போதெல்லாம் சர்வீஸையும் வேலையையும் பார்த்துத்தான் கிடைத்தது. இடம் வந்தால் அதிகாரிக்குத்தான் தலைவலி. ஆளை அனுப்பினால், "ஒரு நாய் சும்மா கிடக்குதே, ஏன் அனுப்பினாய்?" என்று மேலிடம் கேட்கும். அனுப்பாவிட்டால், "இடம் கொடுத்தோமே, ஏன் அனுப்பவில்லை?" என்று அதே மேலிடம் கேட்கும். ஆளே "எனக்கு விருப்பமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். ஆகவே அதிகாரி வந்து மரியாதையாகக் கேட்பார், ஆள் மரியாதையாக எழுதிக் கொடுப்பார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், பசி வயிற்றைக் கிள்ளினாலும் "இப்பதான் சாப்பிட்டேன்" என்று சொல்கிறோமே, அது மாதிரிதான். அதை யாராவது சத்தியப் பிரமாணம் என்று எடுத்துக்கொள்வார்களா?

சார்ஜென்ட்டிடம் முதல் தடவை கேட்டவர் ஒரு கேப்டன். கொட்டிலுக்கே வந்தார். சிட்டுவின் பாதங்களில் முள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த சார்ஜென்ட்டின் பக்கத்தில், இஸ்திரி போட்ட உடுப்போடு அப்படியே குந்தி உட்கார்ந்தார்.

"கோர்ஸுக்கு உங்க பேரு வந்திருக்கு, சார்ஜென்ட்."

"சரிங்க சார்."

"நாம எல்லைக்குக் கிளம்பற நேரம். நீங்க போயிட்டா சிட்டு சும்மா கட்டிக் கிடக்கும். என் பசங்க யாரு மூக்கை நம்பி நடப்பாங்க? எனக்காக ஒரு விருப்பமில்லை எழுதிக் கொடுத்துடுங்க. அடுத்த தடவை கண்டிப்பா அனுப்பறேன்."

"சரிங்க சார்."

கேப்டனைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சார்ஜென்ட்டின் மகளுக்கு மூச்சுத்திணறல் வந்த அன்று தன் ஜீப்பைக் கொடுத்தது மட்டுமல்லாமல் தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். எல்லைக்குப் போனார்கள். அங்கே ஒரு மண்பாதையில் சிட்டு உட்கார்ந்தது. கேப்டன் அப்போது அதற்குச் சற்றுப் பின்னால்தான் நடந்து வந்துகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவர் சார்ஜென்ட்டின் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அடுத்த தடவை இடம் வந்தபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். வேறொரு அதிகாரி கேட்டார். அதற்கும் சரிங்க சார்தான்.

இவருக்கு மூன்று வருஷம் பின்னால் சேர்ந்தவன் ஒருவன் உண்டு. ஓட்டைவாய் என்று பெயர் எடுத்தவன். ரகசியம் என்று எதையாவது சொன்னால் அவன் சமையல்கூடம் போய்ச் சேர்வதற்குள் அது ரேடியோ செய்தி ஆகிவிடும். மனசு மட்டும் வெள்ளை. அவனுடைய நாய்க்குத் துப்பாக்கிச் சத்தம் என்றால் பயம். பட்டாளத்து நாய்க்கு வரவேண்டிய பயமா அது? சுடும் பயிற்சி தொடங்கினால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கடைசியில் அதை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாய் இல்லாத நாய்க்காரன் சும்மா உட்கார்ந்து வாயடிக்கிறானே, கோர்ஸுக்காவது போய் வரட்டும் என்று அனுப்பி வைத்தார்கள். அவனும் போனான், படித்தான், வந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் புதிய கொள்கை வந்தது.

காலை அணிவகுப்பில் படித்தார்கள். இனிமேல் வாரண்ட் ஆபீசராக உயர வேண்டுமானால் பயிற்றுநர் கோர்ஸ் கட்டாயம். குறிப்பிட்ட வயதுக்குள் உயராத சார்ஜென்ட்டுகள் ஓய்வு பெற வேண்டும். கோர்ஸுக்குப் போக முடியாதபடி வேலைக் காரணத்தால் நிறுத்தி வைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஒருமுறை விலக்கு தரப்படும். தாமாகவே விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது கிடையாது.

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் வரிசையில் நின்ற நாய்க்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. சார்ஜென்ட்டுக்கு அந்த வயது வர ஒரு வருஷம்கூட இல்லை. ஓட்டைவாய்க்குக் கோர்ஸ் இருந்தது. வாரண்ட் ஆபீசர் வரிசையில் அவன் பெயர் முதலில் வந்து நின்றது.

மனைவி முகாமுக்குள் இருக்கிற கடையில் பில் போடுகிறவள். சோப்பு வாங்க வந்த யாரோ சொல்லி அவளுக்கு இவருக்கு முன்பே முழு விவரமும் தெரிந்துவிட்டது. அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அப்ப நம்ம கதி?"

"என்ன கதி. ஓய்வுதான்."

"ஓய்வுன்னா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். முகாமை விட்டுப் போனா எனக்குக் கடை வேலை இல்ல. இவளுக்கு இது கடைசி வருஷம், பாதியில எந்த ஸ்கூல்ல சேர்த்துப்பாங்க? நீங்க என்னமோ குடை மறந்துட்டு வந்த மாதிரி சொல்றீங்க!"

மகள் புத்தகத்தை மூடாமலே அப்பாவைப் பார்த்தாள். அவர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். அவிழ்ப்பதற்கு அங்கே ஒன்றும் பாக்கி இல்லை.

அன்று சாயங்காலமே ஓட்டைவாய் வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வாடா என்றால்தான் வருவேன் என்கிற மாதிரி.

"அண்ணே, என் நாய் பயந்தாங்கொள்ளியா இருந்துச்சு, நான் மேலே போறேன். உங்க நாய் நல்ல நாயா இருந்துச்சு, நீங்க வீட்டுக்குப் போறீங்க. இது என்ன கணக்குண்ணே? எனக்கு ராத்திரி தூக்கமே வராதுண்ணே."

"நீ என்னடா பண்ணுவ? போ, போய்த் தூங்கு."

"மனு போடுங்கண்ணே. நேர்ல கூப்பிட்டு விசாரிப்பாங்களாம். உங்களை யாரு நிறுத்தி வச்சாங்கன்னு ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரிந்ததற்கு அவன்தான் காரணம். அது வேறு விஷயம்.

மனு போட்டார். விசாரணைக்கு அழைத்தார்கள். தலைமை அலுவலகத்தின் நீண்ட நடையில் ஒரு மர பெஞ்சில் காத்திருந்துவிட்டு உள்ளே போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அதே கேப்டன். மளமளவென்று உயர்ந்து இப்போது கர்னல். தலைமுடி நரைத்திருந்தது. பக்கத்தில் பதவி உயர்வுப் பிரிவைச் சேர்ந்த பெண் மேஜர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கர்னல் சார்ஜென்ட்டை நேராகப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மேஜர் மேடம்தான் ஆரம்பித்தார். "ரெண்டு தடவை விருப்பமில்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க மேடம்."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

மனைவி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள், பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று. பெயர் எதிரே உட்கார்ந்து குவளையை நகர்த்திக்கொண்டிருந்தது. சார்ஜென்ட் அந்தக் குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கட்டாயப்படுத்தலீங்க மேடம். கேட்டாங்க. கேட்டா கொடுக்கிறதுதான் வழக்கம்."

"யாரு கேட்டாங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கர்னல் சொன்னார். "நான்தான் கேட்டேன், மேஜர். முதல் தடவை நான்தான்."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உத்தரவா சார், வேண்டுகோளா?"

பாருங்கள், ஒரே ஒரு வார்த்தை. 'உத்தரவு' என்று அவர் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒருவனைக் கட்டாயப்படுத்தி விருப்பமில்லை எழுதி வாங்கினேன் என்று ஒரு கர்னல் ஒப்புக்கொண்டால் அவர் தலை உருளும். அவர் உண்மையைச் சொன்னாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா என்று யார் கண்டது? இரண்டும் ஒரே வார்த்தையாக அமைந்துபோனதுதான் கொடுமை.

"வேண்டுகோள்" என்றார் கர்னல்.

மேடம் கல் மனசுக்காரி இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "சார்ஜென்ட், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா எழுதிக் கொடுக்க மாட்டேன்னு ஒத்தைக்கால்ல நின்னு, அதிகாரிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு, தண்டனை மாதிரி மாற்றலும் வாங்கிக்கிட்டுக் கோர்ஸுக்குப் போனவங்களும் இருக்காங்க. உங்களுக்கு விலக்கு கொடுத்தா, அப்ப நாங்க எதுக்கு அவ்வளவு பட்டோம்னு அவங்க கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

சார்ஜென்ட்டுக்கு என்ன தெரியும், அவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று. தனக்கே ஒரு பதில் கிடைக்காமல்தானே வந்து நிற்கிறார்.

"நாய் வேற கையில வேலை செய்யாதுங்க மேடம். அதனாலதான்" என்று மட்டும் சொன்னார்.

மேடம் நிமிர்ந்தார். "அது உண்மையா?"

"எல்லாரும் சொல்லுவாங்க."

"எல்லாரும் சொல்றது வேண்டாம். அது உண்மைன்னா, நீங்க போகாதது விருப்பத்தால இல்ல, வேலைக் கட்டாயத்தால. அப்ப விலக்கு கொடுக்க எனக்கு ஒரு பிடி கிடைக்கும். சோதிச்சுப் பார்த்துடலாம். ரெண்டு வாரம் நாய் வேற ஒருத்தர்கிட்ட இருக்கட்டும். அதுக்கப்புறம் மைதானத்துல விட்டுப் பார்ப்போம். செய்யலைன்னா உங்க பக்கம் தீர்ப்பு. செஞ்சா…" என்று நிறுத்திக்கொண்டார். "சரிதானே சார்?"

கர்னல் தலையாட்டினார்.

"சரிங்க மேடம்" என்றார் சார்ஜென்ட்.

யோசித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு மனுஷன் தன் நாயை வருஷக்கணக்கில் கண்ணும் கருத்துமாகப் பழக்கியிருக்கிறான். இப்போது அவன் பிழைக்க வேண்டுமானால் அது வேலை தெரியாத நாய் மாதிரி நிற்க வேண்டும். இதற்குப் பெயர் சலுகை!

வாரைப் பிடிக்கத் தெரிந்தவர்களில் கையில் நாய் இல்லாமல் இருந்தது ஓட்டைவாய் ஒருவன்தான். அவனிடமே சிட்டுவைக் கொடுத்தார்கள். சார்ஜென்ட் அந்த இரண்டு வாரமும் கொட்டில் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. இவர் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போவதற்குக்கூட வண்டிகள் நிறுத்துகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார், தன் வாசனை காற்றில் போய்விடுமோ என்று. சட்டைப்பையில் பந்து மட்டும் இருந்தது. எடுத்து வைக்க மறந்துவிட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஓட்டைவாய் வந்து சொன்னான்: "சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்குது அண்ணே. மூலையில படுத்துக்கிட்டு வாசலையே பார்க்குது."

"அப்பாடா!" என்றாள் மனைவி. சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். உள்ளே போய்விட்டாள். சார்ஜென்ட்டுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பக்கம் நல்ல செய்தி. இன்னொரு பக்கம், அது பட்டினி கிடக்கிறது.

அதற்கப்புறம் ஓட்டைவாய் வரவே இல்லை. வாய் மூடாதவன் வாயை மூடிக்கொண்டால் என்ன அர்த்தம்? சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம்தான் தலையைக் காட்டினான். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள்.

"அண்ணே, அது சாப்பிட ஆரம்பிச்சுடுச்சு. வேலையும் செய்யுது. என்கிட்டகூட." ஏதோ திருடிவிட்டவன் போல அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க கவலைப்படாதீங்க. நாளைக்கு அது உட்கார்ந்தாலும் நான் கையைத் தூக்க மாட்டேன். ஆளு கையைத் தூக்கினாத்தான் கண்டுபிடிச்சதா அர்த்தம். மருந்தைப் புதைக்கப்போறவரும் மேடமும் தூரத்துல நிப்பாங்க, புதைச்ச இடம் எதுன்னு அங்கேருந்து சரியாத் தெரியாது. நாய் களைச்சுப்போய் உட்காருதா, வாசனை வந்து உட்காருதான்னு அவங்களுக்கு எங்க தெரியப்போகுது? இழுத்துக்கிட்டு வந்துடுவேன்."

சார்ஜென்ட் அவனை உற்றுப் பார்த்தார். "சிட்டு கெட்டுப்போயிடும்டா."

"ஒரே ஒரு தடவைதானேண்ணே. அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"அதைச் சரி பண்ண முடியாதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அடுத்து பேசியது மனைவி. இத்தனை நாள் கத்தியவள் அன்று கத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட எதையாவது கேட்டிருக்கேனா? பிரசவத்தப்பகூட அப்ப இருந்த நாய்க்கு உடம்பு சரியில்லைன்னு போனீங்க, போயிட்டு வாங்கன்னேன். நாளைக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம். வாயைத் திறக்காம நின்னா போதும். எனக்காக."

"சரி" என்றார்.

காலை வெயில் ஏறுவதற்கு முன்பே மைதானத்தில் கூடிவிட்டார்கள். வெளி யூனிட்டைச் சேர்ந்த ஒருவர் பயிற்சி வெடிமருந்தை எங்கேயோ புதைத்து வைத்திருந்தார். மேடம், கர்னல், அவர் மூவரும் கூடாரத்து நிழலில் நின்றார்கள். சார்ஜென்ட்டை மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே, காற்று அடிக்கிற திசைக்கு மறுபக்கம் நிறுத்தினார்கள். பேசக்கூடாது, அசையக்கூடாது.

சிட்டு வந்தது. மூக்கு தரையில், வால் நேராக. இவரைப் பார்க்கவே இல்லை. கண் எல்லாம் வேலையில். புல், கல், ஒரு பழைய டயர், தகர டப்பா, எல்லாவற்றையும் மோந்துகொண்டே வந்தது. ஓட்டைவாய் வேண்டுமென்றே வாரை வெட்டி வெட்டி இழுத்தான், தப்பான பக்கம் திரும்பினான். அது அவனைச் சட்டையே செய்யவில்லை. மேடு தாண்டி ஒரு புதர் ஓரம் வந்தது. நின்றது. மூக்கை ஒருமுறை தூக்கியது. உட்கார்ந்தது.

எவ்வளவு அழகாக உட்கார்ந்தது தெரியுமா! முதுகு நேராக, முன்கால்கள் ஒட்டினாற்போல, புத்தகத்தில் படம் போடலாம். அந்த ஒரு நொடி சார்ஜென்ட்டுக்குப் பதவியும் மறந்தது, குவார்ட்டர்ஸும் மறந்தது.

ஓட்டைவாய் கையைத் தூக்கவில்லை. "வா" என்று இழுத்தான். சிட்டு எழவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். பின்பக்கம் கொஞ்சம் எழும்பி, மறுபடியும் உட்கார்ந்தது. ஓட்டைவாய் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மூன்றாவது முறை இழுத்தான். சிட்டு எழுந்தது. இரண்டு அடி வைத்தது. திரும்பி அந்த இடத்தைப் பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தது.

அந்தப் பார்வை சார்ஜென்ட்டுக்குத் தெரியும். கெட்டுப்போன நாய்களிடம் பார்த்திருக்கிறார். வாரண்ட் ஆபீசர் ஆகிவிட்டால் அவர் பாதையில் நடக்கப்போவதில்லை. மறுபடியும் பழக்கி, சிட்டுவை வேறு யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள். முகம் தெரியாத யாரோ. அவனுக்குப் பின்னால் ஒரு வரிசை. சிட்டு ஓர் இடத்தில் நின்று, இதே மாதிரி முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தாண்டிப் போகும்.

முழங்கையில் மனைவி பிடித்த பிடி இன்னும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நிஜமாகவே நின்றார். சிட்டு மூன்றாவது அடியை எடுத்து வைத்தது.

"கையைத் தூக்குடா!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பெரிய குரல் அந்த மனுஷனிடம் இருக்கிறது என்று அவருக்கே அன்றுதான் தெரியும். ஓட்டைவாய் அழுகிற முகத்தோடு கையைத் தூக்கினான். சிட்டு ஓடிப்போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டு காத்திருந்தது. சபாஷ் சொல்ல வேண்டியவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சபாஷ்!" என்றார் சார்ஜென்ட். "சபாஷ்டா கண்ணு!" பையிலிருந்து பந்தை எடுத்துக் கயிற்றுக்கு மேலாக வீசினார்.

சிட்டு எகிறிப் பிடித்தது. அப்போதுதான் இவரைப் பார்த்தது. வால் காற்றாடி மாதிரி சுழன்றது. இவரை நோக்கி நாலு அடி வந்தது. வார் இழுத்ததும் நின்றது. பிறகு திரும்பி, பந்தைக் கொண்டுபோய் ஓட்டைவாயின் காலடியில் வைத்தது. வார் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் கொண்டுபோய் வைக்க வேண்டும். இவர் சொல்லிக் கொடுத்த முறைதான் அது.

"நாய் வேலை செய்யுது, சார்" என்று மேடம் கர்னலிடம் சொன்னது காற்றில் கேட்டது. அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

எல்லாரும் கலைந்த பிறகு கர்னல் கயிற்றைத் தாண்டி வந்தார். "என்ன சார்ஜென்ட் இது? பேசாம நின்னிருக்கலாமே."

"உட்கார்ந்துடுச்சு சார்."

கர்னல் தன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார். "அன்னைக்கு நான் உத்தரவுன்னு சொல்லியிருக்கலாம்."

எதற்கும் சரிங்க சார் என்கிறவர் அவரை நேராகப் பார்த்தார். "சொல்லியிருக்கலாம் சார்."

சல்யூட் அடித்துவிட்டு நடந்தார். கொட்டில் வழியாகப் போகலாம், இனிமேல் தடையில்லை. ஆனாலும் வண்டிகள் நிற்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றிருந்தாள். கடைக்கு லீவு போட்டிருந்தாள். அடுப்பில் டீத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

"செஞ்சுடுச்சா?"

"செஞ்சுடுச்சு."

"அவன் கையைத் தூக்கிட்டானா? தூக்க மாட்டேன்னானே!"

"அவனாத் தூக்கல. நான்தான் தூக்கச் சொன்னேன்."

அவள் அழுவாள், கத்துவாள், பாத்திரத்தை எறிவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். அவள் எதுவும் செய்யவில்லை. அடுப்பை அணைத்தாள். உள்ளே போய், அலமாரிக்கு மேலே இருந்த பெரிய பெட்டியைத் தானே இறக்கினாள். உதவிக்குப் போனவரின் கையை விலக்கினாள். பெட்டியைத் திறந்து, அதன் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தாள். மூலை மூலையாகத் துடைத்தாள்.

அவர் சொன்னார்: "அது கெட்டுப்போயிருந்தா, நாளைக்கு யாராவது ஒருத்தன் காலு…"

"தெரியும். எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னா நினைச்சீங்க?" என்றாள், நிமிராமலே. "நீங்க பண்ணினது தப்புன்னு நான் சொல்லல."

துணியைப் பிழிந்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"அந்த கேப்டன் எனக்காகன்னாரு, எழுதிக் கொடுத்தீங்க. அவருக்கப்புறம் வந்தவரும் கேட்டாரு, எழுதிக் கொடுத்தீங்க. ரெண்டு பேருகிட்டயும் ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல." இப்போது நிமிர்ந்தாள். கண் கலங்கவில்லை, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். என்கிட்ட மட்டும் உங்களுக்கு விருப்பமில்லாம போச்சு."

சார்ஜென்ட் வாயைத் திறந்தார். எத்தனையோ வருஷமாக அவர் வாயில் தயாராக இருந்த அந்த வார்த்தை அப்போது வரவில்லை. பெட்டியின் மறுமுனைக்குப் போய், அவள் துடைப்பதற்கு வசதியாக அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.